வேட்டுவக் குளவியின் குலவரலாறு

கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளில் சுவர் மூலையிலும் உத்தரத்திலும் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் குளவியை அறியாதார் இலர். அது ஒரு புழுவைக் கொண்டுவந்து அடைத்து, ஓயாமல் ரீங்காரம் செய்து கொட்டக் கொட்ட, அப்புழுவே குளவியாகிவிடும் என்று நம் முன்னோர் நம்பினர். சமய நூல்களிலும் இவ்வுவமை பயில்கிறது. உவமை அழகியது; செய்தி உண்மையன்று. அந்தக் கூட்டுக்குள் கிடப்பவை சிலந்திகள். கொடுக்கின் நஞ்சால் முடங்கிய அவற்றைத் தின்றே குளவியின் குஞ்சு வளர்கிறது.

சிலந்தியை வேட்டையாடும் குளவி இது ஒன்று மட்டுமன்று. கிணற்று மேட்டிலும் வரப்போரத்திலும் சிறகைத் துடிதுடிக்க வைத்துக்கொண்டு, நெட்டைக் கால்களால் தரையில் அங்குமிங்கும் ஓடும் கருங்குளவியை நான் பன்முறை நின்று பார்த்திருக்கிறேன். தன்னினும் பருத்த சிலந்தியைக் கொட்டி முடக்கி, பின்னோக்கி நடந்தவாறே இழுத்துச் செல்லும். இவ்விரண்டும் ஒரே குலமா, வேறு குலமா? இவ்வினாவுக்குத் தெளிவான விடை காண 250 ஆண்டுகள் ஆயின.

1758-ல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் இருவகையையும் ‘ஸ்பெக்ஸ்’ என்னும் ஒரே பேரினத்தில் அடக்கினார். 1781-ல் டென்மார்க் அறிஞர் பப்ரீசியஸ் மண்கூட்டுக் குளவி ஒன்றுக்குச் சென்னைப்பட்டினத்தின் பெயரையே சூட்டினார். ‘மதராஸ்பட்டனம்’ என்ற அடைமொழி இன்றும் அதன் விஞ்ஞானப் பெயரில் நிலைத்திருக்கிறது. அவரே 1798-ல் தரையில் ஓடும் வேட்டைக்காரிகளுக்குப் ‘பாம்பிலஸ்’ என்று தனிப் பெயர் அளித்தார். இரண்டாண்டு முன்னரே பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் ‘சாமோகேரஸ்’ என்று பெயரிட்டுவிட்டார் என்ற வழக்கு எழுந்து, அக்குடும்பம் சில காலம் இரு பெயரோடு அலைந்தது. முடிவில் பாம்பிலஸே வென்றது. பெயர்ச் சண்டையில் எனக்கு அதிக ருசியில்லை, மேலே செல்வோம்.

பர்மாவில் வனத்துறையில் பணியாற்றிய பிங்காம் 1897-ல் இந்தியக் குளவிகளையும் தேனீக்களையும் பற்றிய பெருநூலை வெளியிட்டார். இரு குடும்பங்களையும் அவர் பிரித்தறிந்தார். பாம்பிலஸ் குடும்பத்தில் கழுத்துப் பட்டை சிறகின் அடிவரை நீள்கிறது. மண்கூட்டுக் குளவியில் அவ்வாறு எட்டுவதில்லை. ஆயினும் ‘தோண்டுவோர்’ என்ற ஒரே பெருங்குழுவில் இரண்டையும் அவர் அமர்த்தினார். தொழிலைக் கண்டு சாதி வகுக்கும் பழக்கம் விஞ்ஞானத்தையும் விட்டபாடில்லை!

இத்தகைய ஆய்வுக்கு நூலறிவு மட்டும் போதாது. ஊசியில் குத்திய பூச்சிகள் வேண்டும். இங்கேதான் கோயம்புத்தூர் வருகிறது. சூசைநாதன் என்னும் தமிழர் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோவையிலும் ஆனைமலையிலும் காரைக்கால் பக்கத்திலும் பூச்சிகளைப் பிடித்து, ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார். குளவிகளும் அவற்றுள் உண்டு. ‘கோயம்புத்தூர், 1400 அடி’ என்று இடமும் உயரமும் மாதமும் பொறித்த அவருடைய சிறு சீட்டுகள் இன்றும் அங்கே ஊசிகளில் தொங்குகின்றன. பல இனங்கள் ‘நாதனி’ என அவர் பெயர் தாங்குகின்றன. எனினும் கோவையில் அவரை அறிந்தவர் எத்தனை பேர்? பெயர் சூட்டியவரின் புகழில் பாதியேனும் பிடித்தவருக்கு உரியது என்பது என் கருத்து. சீட்டில்லாத பூச்சி ஆராய்ச்சிக்கு வெறும் சருகே. கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகத்தில் 2018-ல் பூச்சி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது ஆறுதலான செய்தி.

2008-ல் வெளிவந்த மரபணு ஆய்வு பழைய பெருங்குழுக்களைக் கலைத்துவிட்டது. மண்கூட்டுக் குளவி தேனீக்குப் பங்காளி; பாம்பிலஸோ ‘வெல்வெட் எறும்பு’ எனப்படும் குளவிகளுக்கு உறவு. சிலந்தி வேட்டையை இரு குலங்களும் தனித்தனியே கற்றுக்கொண்டன. மண்கூட்டுக் குளவி முதலில் அறையைக் கட்டி, பின்பு பல சிறு சிலந்திகளை நிரப்பும். பாம்பிலஸ் குடும்பத்தில் பெரும்பாலானவை முதலில் இரையை வீழ்த்தி, பிறகே குழி தோண்டும். ஒரு குஞ்சுக்கு ஒரே சிலந்தி.

இக்குடும்பத்தில் ஏறக்குறைய 5000 இனங்கள் உள. பர்மிய அம்பரில் கிடைத்த குளவியைக் கொண்டு, இது டைனசோர் காலத்துக் குடும்பம் என்று 2006-ல் கூறினர். அது வேறு குலம் என 2016-ல் தெளிவாயிற்று. இன்றைய கணக்கின்படி இதன் வயது சுமார் 4 கோடி ஆண்டுகள். சிலந்திக்கோ 30 கோடிக்கு மேல். இக்குறுகிய காலத்திற்குள்ளேயே ‘ஆப்லோபஸ்’ சிலந்தியின் கால்களைத் துணித்து மண் குடத்தில் அடைக்கக் கற்றது. ‘செரோபேலிஸ்’ தானாகக் குழி தோண்டுவதில்லை. இன்னொரு குளவி இழுத்துச் செல்லும் சிலந்தியின் மூச்சுத் துளைக்குள் தன் முட்டையைத் திருட்டுத்தனமாக வைத்துவிட்டுப் பறந்துவிடும்.