வான்கோழியும் கருவிழியும்

கார்த்திகை இரவில், வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடியில் நின்று கண்ணாடியைக் கழற்றினால், மலைமேல் எரியும் தீபம் எனக்கு ஓர் ஆரஞ்சுக் கறைதான். பவர் மைனஸ் ஐந்து. "லேசர் பண்ணிக்கோயேன்டா, எத்தனை வருஷம் இதைச் சுமப்ப?" என்கிறாள் அம்மா.

அந்த லேசரின் கதை மிச்சச் சாப்பாட்டில் தொடங்குகிறது. 1981 நவம்பர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா போன வேதியியலாளர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன், ஐபிஎம் ஆய்வகத்தில் எக்ஸைமர் லேசரால் பிளாஸ்டிக்கைச் செதுக்கிக்கொண்டிருந்தார். நன்றியறிதல் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை எடுத்துப்போய் அதன்மேல் அடித்துப் பார்த்தார். கருகவில்லை, சுத்தமாக வெட்டியது. 193 நானோமீட்டர் புற ஊதாக்கதிர், வெப்பம் பரவுவதற்குள் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைத்துத் திசுவை அகற்றிவிடுகிறது. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவரும் இதில் கூட்டாளிகள்.

கண் மருத்துவர் ஸ்டீபன் டிராகலோடு ஸ்ரீனிவாசன் சேர்ந்து, கருவிழியை இப்படிச் செதுக்கலாம் என்று 1983இல் எழுதினார்கள். அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது 1995இல். டெமோவுக்கும் புரொடக்‌ஷனுக்கும் நடுவே பதினான்கு வருடம்! எங்க டீமில் பதினான்கு நாள் பொறுக்க மாட்டார்கள்.

அந்தப் பொறுமைக்குக் காரணம் உண்டு. கருவிழியின் தடிமன் நடுவில் அரை மில்லிமீட்டர்தான். செதுக்கியது திரும்ப வளராது. ரோல்பேக் கிடையாது. சிலருக்குக் கண் உலர்ந்துபோகும். நாள் முழுக்கத் திரையைப் பார்க்கும் எனக்கு அது சின்ன விஷயமில்லை. நாற்பது தாண்டினால் வாசிக்கக் கண்ணாடி எப்படியும் வரும்.

பார்வதி விளையாட்டாகச் சிவனின் கண்களைப் பொத்த, உலகமே இருண்டதாம். அந்தப் பிழைக்கு அவள் தவமிருந்தது எங்க ஊரில்தான் என்கிறது தலபுராணம். கண்ணோடு விளையாடாதே என்பது இங்கே பழைய பாடம்.

அதனால் முதலில் கருவிழி ஸ்கேன். மெலிசு என்றால் கண்ணாடியே போதும். தாங்கும் என்றால், அடுத்த தீபத்தை வெறுங்கண்ணால் பார்ப்பேன்.