டைமண்ட்–பிளாக்ஃபேன் இரத்தச்சோகை

எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் மட்டும் போதிய அளவு உருவாகாத அரிய பரம்பரை நோய். பத்து லட்சம் பிறப்புகளில் ஏறத்தாழ 5 முதல் 7 குழந்தைகளிடம் காணப்படுகிறது. 1936இல் ஹியூ ஜோசப்ஸ் இதைப் பதிவு செய்தார்; 1938இல் பாஸ்டன் மருத்துவர்கள் லூயி டைமண்டும் கென்னத் பிளாக்ஃபேனும் நான்கு குழந்தைகளைப் பற்றி எழுத, அவர்கள் பெயரே நிலைத்தது.

உயிரணுவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில்தான் கோளாறு. 1999இல் ஆர்.பி.எஸ்.19 மரபணுவுக்கு இந்நோயுடன் உள்ள தொடர்பு கண்டறியப்பட்டது. நோயாளிகளில் சுமார் கால்பங்கினருக்கு இதில்தான் மாற்றம். ரைபோசோம் எல்லா உயிரணுக்களுக்கும் தேவை என்றாலும், வேகமாகப் பெருகிக்கொண்டே ஹீமோகுளோபினையும் பெருமளவில் தயாரிக்க வேண்டிய சிவப்பணு முன்னோடிகளே முதலில் மடிகின்றன. நோய் வர, மரபணு மாற்றம் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய மாற்றம்.

பெரும்பாலும் முதல் வயதுக்குள் குழந்தை வெளுத்து, பால் குடிக்கவே களைத்துப்போகும். கட்டைவிரலில் மூன்று எலும்புகள், பிளவுபட்ட அண்ணம், குட்டையான உடல்வாகு, இதயக் குறைபாடு ஆகியவையும் சிலரிடம் உண்டு. இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணு சிறுக்கும். இங்கே அது பெரிதாக இருக்கும், இளம் சிவப்பணுக்களோ மிகக் குறைவு. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் இரும்பு டானிக் கொடுத்துக் காலம் கடத்துவது பெரும் தவறு. சிவப்பணுவில் அடினோசின் டிஅமினேஸ் நொதி மிகுந்திருப்பதும் மரபணுப் பரிசோதனையும் நோயை உறுதிப்படுத்த உதவும். பார்வோவைரஸ் தொற்றையும், குழந்தைகளுக்கு வந்து தானே மறையும் சிவப்பணுக் குறைவையும் விலக்கிப் பார்க்க வேண்டும்.

வளர்ச்சி பாதிக்கப்படாதிருக்க, முதல் வயதில் இரத்தம் ஏற்றியே காப்பது வழக்கம், பிறகு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. தொடக்கத்தில் ஐவரில் நால்வருக்குப் பலன் தெரியும், எல்லோருக்கும் அது நீடிப்பதில்லை. தொடர்ந்து இரத்தம் ஏற்றினால் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை வெளியேற்ற டெஃபெராசிராக்ஸ் போன்ற மருந்துகளை விடாமல் எடுக்க வேண்டும். உயிரைக் காப்பதில் இரத்தத்துக்கு நிகரான இடம் இதற்கும் உண்டு.

இரத்தச்சோகையை நிரந்தரமாகத் தீர்ப்பது குருத்தணு மாற்று. திசுப் பொருத்தமுள்ள உடன்பிறப்பே சிறந்த கொடையாளர். ஆனால் அறிகுறியே இல்லாத அண்ணனோ தங்கையோ அதே மரபணு மாற்றத்தைச் சுமந்திருக்கலாம், அவர்களின் மஜ்ஜையும் நோயுற்றதே. ஆகவே கொடைக்கு முன் அவர்களுக்கும் மரபணுச் சோதனை கட்டாயம். பெருங்குடல், எலும்பு, இரத்தப் புற்றுநோய்களின் வாய்ப்பு கூடுதல் என்பதால், இரத்தம் தேறிய பிறகும் வாழ்நாள் முழுதும் கண்காணிப்பு தேவை.