செக்கு இழுத்த உடம்பு, சோறு மறுத்த உடம்பு

எங்க புதூர் கரிசக்காட்டுல வளர்ந்த யாருக்கும் 'செக்கிழுத்த செம்மல்' யாருன்னு சொல்லித்தர வேண்டியதில்ல. வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரம் இந்தப் பக்கம்தான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க: வெள்ளைக்காரனுக்கு எண்ணெய் மட்டும்தான் வேணும்னா, மாட்டைக் கட்டியிருக்கலாமே?

1908-ல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார். இடையில் கோவைச் சிறையில், கப்பல் கம்பெனி நடத்திய வக்கீலை மாடு இழுக்கிற செக்கில் பூட்டினார்கள். 'நீ அரசியல்வாதி இல்ல, சாதாரணக் குற்றவாளி' என்பதை அவர் உடம்புக்கே சொன்ன தண்டனை அது.

21 வருஷம் கழித்து, பஞ்சாப். 1929 ஜூனில் பகத் சிங்கும் பட்டுகேஸ்வர தத்தும் சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். ஜூலை 13-ல் ஜதீந்திரநாத் தாஸும் சேர்ந்தார். இவங்க விடுதலை கேட்கல. ஒழுங்கான சாப்பாடு, புத்தகம், பத்திரிகை, அரசியல் கைதிக்கான மரியாதை, இவ்வளவுதான் கேட்டாங்க.

இங்கதான் கணக்கு தலைகீழாகுது. செக்கு இழுக்க வைக்க, கைதி உடம்புல தெம்பு வேணும். அந்தத் தெம்பையே இவங்க கொடுக்க மறுத்துட்டாங்க. அதோட, கைதி உயிருக்கு அரசுதான் பொறுப்பு. அந்தப் பொறுப்பையே பிடியா மாத்தினாங்க. பயந்த அரசு, மூக்கு வழியே குழாய் விட்டுப் பால் ஊற்றியது. அது தாஸின் நுரையீரலுக்குள் போனது. 63-ஆம் நாள், செப்டம்பர் 13-ல் இறந்தார். வயசு 24.

1930-ல் கைதிகளுக்கு ஏ, பி, சி வகுப்புகள் வந்தன. ஆனா பிரிச்சது கொள்கையைப் பார்த்து இல்ல. படிப்பு, அந்தஸ்து, வாழ்ந்த வசதியைப் பார்த்து. ஏழைப் போராளிக்குப் பெரும்பாலும் 'சி'தான்.

வெள்ளைக்காரன் போனதும் இது முடிஞ்சிருக்கணும். முடியல. 1950 பிப்ரவரி 11, சேலம் சிறை. அரசியல் கைதிகளா நடத்தணும்னு போராடிய கம்யூனிஸ்டுகள் மேல துப்பாக்கிச் சூடு. 22 பேர் இறந்தாங்க. குடியரசாகி மூணு வாரம்கூட ஆகல.

வ.உ.சி. இழுத்த செக்கு இப்போ சென்னை கிண்டி காந்தி மண்டபத்துல இருக்கு. அதைப் பார்க்கிறப்போ 'எவ்வளவு கஷ்டப்பட்டார்'னு மட்டும் நினைக்காதீங்க. சிறைக்குள்ள போன மனுஷனோட உடம்பு யாருக்குச் சொந்தம்னும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.