சட்டப்பேரவையில் நமக்கு எத்தனை இடம்?

கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரிய கோயிலின் புல்வெளியில் ஒரு விடுமுறை நாளில் மத்ரஸா மாணவர்களோடு அமர்ந்திருந்தோம். மாளிகைமேட்டு அகழாய்வுக் குழிகளைக் கண்டு திரும்பிய களைப்பு அவர்களுக்கு. முதலாம் இராசேந்திரன் கங்கை வெற்றியின் நினைவாக எழுப்பிய இந்நகரம் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் சோழர் தலைநகராக விளங்கியதைச் சொல்லி, அக்காலத்து ஊராட்சியைப் பற்றியும் பேசினோம்.

இந்நகரம் தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. 30 குடும்புகள், தகுதியுடையோர் பெயர்களை எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்படும், சிறுவன் ஒருவன் எடுத்துத் தருவான். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேண்டும். முன்னர்ப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் நிற்க இயலாது. அது பிராமணர் ஊரின் சபை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. ஆயினும், உறுப்பினன் என்பவன் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்ற எண்ணம் அக்கல்லில் இருக்கிறது.

அப்போதுதான் பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் கேட்டார்: “ஹஜ்ரத், இப்ப இருக்கிற சட்டசபையில நமக்குன்னு எத்தனை சீட்டு?”

“ஒன்றுமில்லை” என்றோம். அவருடைய முகம் வாடியது. நேரமாகிவிட்டதால் அன்று விளக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்ட மறுமொழியே இக்கட்டுரை.

28 இடங்கள் இருந்த காலம்

நமக்கென்று இடங்கள் இருந்ததுண்டு. 1909ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை அளித்தது. பின்னர் 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஈரவைச் சட்டமன்றத்தை ஏற்படுத்தியது. அவற்றில் கீழவையே சட்டப்பேரவை. 1937இல் அமைந்த அப்பேரவையின் 215 இடங்களில் 116 பொது இடங்கள், 30 தாழ்த்தப்பட்டோருக்கு, 28 முஸ்லிம்களுக்கு, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் பெண்களுக்கும் எட்டெட்டு. நிலக்கிழார், வணிகர், தொழிலாளர், ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், பல்கலைக்கழகம், பின்தங்கிய பகுதிகள் என எஞ்சியவை பங்கிடப்பட்டன. வாக்குரிமையும் எல்லாருக்கும் இல்லை. சொத்து, வரி, கல்வி ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு தகுதி உடையவரே வாக்களித்தனர். கூலி வேலை செய்த முஸ்லிமுக்கு அந்த 28இலும் சொல் இருக்கவில்லை.

215இல் 28 என்பது நூற்றுக்கு 13. மக்கள்தொகையில் நம் பங்கைவிட இது மிகுதியே. 1946 தேர்தலில் 28 இடங்களையும் முஸ்லிம் லீக் வென்றது. அதன் தலைவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார். பெருமைக்குரிய நாட்கள்தாம். ஆனால் அம்முறை இயங்கிய விதத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். முஸ்லிம் தொகுதியில் முஸ்லிம் மட்டுமே நிற்கலாம். முஸ்லிம் மட்டுமே வாக்களிக்கலாம். பொதுத் தொகுதியில் நின்றவருக்கோ நம் வாக்கு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. ஆகவே 28 பேர் நம் வாசலுக்கு வந்தனர். எஞ்சியோருள் மிகப் பெரும்பாலோர் நம் தெருப்பக்கம் வரவேண்டிய காரணமே இருக்கவில்லை. அவையில் காங்கிரஸுக்கு 163 உறுப்பினர்கள் இருந்தனர். நம்முடைய 28 பேர் பேசலாம், எதிர்க்கலாம். எதையும் தாமாக நிறைவேற்ற இயலாது.

கதவு அடைபட்ட கதை

1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில், சென்னையிலிருந்து சென்ற பி. போக்கர் சாஹிப் தனி வாக்காளர் தொகுதி நீடிக்க வேண்டுமெனத் திருத்தம் கொண்டுவந்தார். சிறுபான்மையினரின் குறையை அவர்களே தேர்ந்தவர்தாம் உள்ளபடி எடுத்துரைக்க முடியும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அதை வெற்று வாதம் என்று தள்ளிவிட முடியாது. எனினும் பிரிவினையின் குருதி உலராத நேரம் அது. சர்தார் படேல் கடுமையாக எதிர்த்தார், திருத்தம் தோற்றது. 1949 மே மாதத்தில் மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடும் கைவிடப்பட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 325ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால் ஆகியவற்றின் பெயரால் தனி வாக்காளர் பட்டியல் கூடாது என்றது. அடுத்த பிரிவு வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்தது. ஒரு கதவு அடைபட்ட அதே சட்டத்தில், சொத்தில்லாத நம் உழைப்பாளிக்கும், வீட்டுக்குள் இருந்த நம் தாய்மாருக்கும் வேறொரு கதவு திறந்தது.

இழப்பு உடனே தெரிந்தது. 1952இல் 375 இடங்கள் கொண்ட சென்னைப் பேரவையில் முஸ்லிம் லீக் பெற்றவை 5. அதன் வலிமை மலபாரிலேயே இருந்தது. 1956இல் மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. 1967 தேர்தலில் பேரவையின் இடங்கள் 234 ஆயின. இன்றுவரை அதே எண்தான். அந்த ஆண்டில் தி.மு.க. கூட்டணியில் லீக் 3 இடங்களை வென்றது. அண்ணாவின் அமைச்சரவையில் எஸ்.ஜே. சாதிக் பாட்சா இடம்பெற்றார். மேலவை 1986இல் ஒழிக்கப்பட்டது. கீழவையாக இருந்ததே இன்று நம் மாநிலத்தின் ஒரே அவை.

பெரம்பலூர் தரும் பாடம்

‘தனித்தொகுதி’ என்று இன்று நாம் சொல்வது வேறொன்று. 1932இல் காந்தியடிகளுக்கும் அண்ணல் அம்பேத்கருக்கும் இடையே ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்தின் வழி வந்தது அது: இடம் ஒரு சமூகத்திற்கு ஒதுக்கப்படும்; வாக்களிப்பவர் எல்லாரும். 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் இவ்வாறு ஒதுக்கப்பட்டுள்ளன. பெரம்பலூர் அவற்றுள் ஒன்று. வி.களத்தூர் ஜமாஅத்தார் அங்கே பட்டியல் சாதி வேட்பாளர் ஒருவரையே தேர்ந்தெடுக்கின்றனர். அவர் களத்தூருக்கும் உறுப்பினர்; அங்குள்ள மக்களின் வாக்கைக் கேளாமல் அவர் செல்ல முடியாது.

மறுபுறமும் உண்டு. 2021 தேர்தலில் பாபநாசத்திலும் மணப்பாறையிலும் முஸ்லிம் வேட்பாளர்கள் வென்றனர். இரண்டும் நாம் சிறுபான்மையாக உள்ள பொதுத் தொகுதிகள். பிற சமயத்துச் சகோதரர்களின் வாக்கின்றி அவ்வெற்றி இல்லை.

இதனால் குறை தீர்ந்துவிட்டதென்று சொல்ல மாட்டோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நாம் நூற்றுக்கு 5.86 பேர். அவ்விகிதத்தில் 13 அல்லது 14 உறுப்பினர்கள் இருக்க வேண்டும். 2021இல் அவ்வெண்ணிக்கையை நாம் எட்டவில்லை. கட்சிகளிடம் இதை உரிமையோடு கேட்பது நம் கடமை. ஆனால் நம்மவர் இல்லாத தொகுதியில் நமக்கு உறுப்பினரே இல்லை என்று ஒதுங்குவது, அடைபட்ட பழைய கதவின் முன் நின்றுகொண்டே திறந்த கதவைப் பாராதிருப்பதாகும்.

அமானிதம்

ஹுனைன் போருக்குப் பின் ஹவாஸின் குலத்தார் தம் கைதிகளை விடுவிக்குமாறு வேண்டி வந்த நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் மக்களின் இசைவைக் கேட்டார்கள். கூட்டம் ஒரே குரலில் இசைந்தது. அதனோடு அவர்கள் விட்டுவிடவில்லை. யார் மனமார இசைந்தார், யார் இசையவில்லை என்பது இந்த ஆரவாரத்தில் தெரியாது. திரும்பிச் சென்று உங்கள் பிரதிநிதிகள் வழியாகத் தெரிவியுங்கள் என்றார்கள். பிரதிநிதிகள் தம் மக்களிடம் பேசி, வந்து சொன்னார்கள். உறுப்பினரின் பணி இதுதான்: ஒவ்வொருவரையும் கேட்டறிந்து, கேட்டதை உள்ளபடி எடுத்துச் சொல்வது.

நம் அரசமைப்பும் உறுப்பினருக்கு வரம்பு இடுகிறது. 25 வயது நிறைந்திருக்க வேண்டும்; உறுதிமொழி ஏற்ற பின்னரே அமரலாம்; இசைவின்றி 60 நாள் அவைக்கு வாராதவரின் இடத்தைக் காலியென அறிவிக்கலாம். தேர்தல் செலவுக் கணக்கை முறையாகக் காட்டாதவரை 3 ஆண்டுகள் தகுதியிழக்கச் செய்யவும் தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உத்திரமேரூர்க் கல்லில் கண்ட அதே கவலை, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும்! ஆனால் சட்டம் கேட்கும் கணக்கு வேறு, மக்கள் கேட்க வேண்டிய கணக்கு வேறு. பணம் வாங்கி வாக்களித்தவன் எந்த முகத்தோடு கணக்குக் கேட்பான்? அமானிதத்தை அதற்குரியவரிடம் ஒப்படைக்குமாறு குர்ஆன் (4:58) பணிக்கிறது. வாக்கு நம் கையிலுள்ள அமானிதம்; விற்கும் பொருளன்று.

அந்த மாணவருக்கு இப்போது விடை சொல்வோம். மகனே, நமக்கென்று ஒதுக்கிய இடம் பேரவையில் ஒன்றுமில்லை. ஆனால் நாம் அமர்ந்திருந்த அந்தப் புல்வெளி ஜெயங்கொண்டம் தொகுதியில் இருக்கிறது. அதன் உறுப்பினர் எச்சமயத்தவராயினும், எக்கட்சியினராயினும், நமக்கும் உறுப்பினரே. உனக்கு 18 வயது நிறைந்ததும் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள். அவரிடம் சென்று, ஊரின் சாலைக்கும் ஏரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன செய்தீர்கள் என்று மரியாதையோடு கேள். நமக்காக மட்டுமன்று, ஊருக்காகவும் கேள். ஒருநாள் அவ்விடத்தில் நீயே அமரும் வாய்ப்பை அல்லாஹ் தந்தால், உனக்கு வாக்களிக்காதவரிடமும் சென்று கேட்டறிந்து பேசு.

அல்லாஹ் நம் அனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்கியருள்வானாக. ஆமீன்.