ஆறாப் புண்ணும் உறிஞ்சு கட்டும்

சுரைக்குடுக்கையும் ஒரு மருத்துவக் கருவி என்றால் நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், சுசுருத சங்கிதை என்னும் பழைய வடமொழி நூல், கெட்ட இரத்தத்தை அகற்றப் பசுவின் கொம்பு, அட்டை, சுரைக்குடுக்கை ஆகிய மூன்றையும் கூறுகின்றது. கொம்பை வாயினால் உறிஞ்சினர். குடுக்கையினுள் சுடரை வைத்துக் காற்றைக் குறைத்தனர். அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி நீர்மம் இழுக்கப்படும் என்பதே இவற்றின் தத்துவம். அத்தத்துவம் நம் காலத்தில் நீரிழிவுக்காரரின் காற்புண்ணுக்கு உதவ வந்த வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

1921-ஆம் ஆண்டில் டொராண்டோ நகரில் இன்சுலின் கண்டறியப்பட்டது. அதற்கு முன் விரைவில் மாண்டவர்கள், அதன் பின் நெடுநாள் வாழ்ந்தனர். நோய் நீடித்தபோது காலுக்கு ஆபத்து வந்தது. நாட்பட்ட நீரிழிவு நரம்பின் உணர்ச்சியைக் கெடுக்கிறது. இரத்தக் குழாயைக் குறுக்குகிறது. முள் தைத்தாலும் நோவதில்லை. நோவாத காலை ஊன்றி நடக்க நடக்கப் புண் ஆழமாகிறது. முடிவில் காலையே இழக்க நேரிடுகிறது.

நோவின்மையே பகை என்பதை, 1946 முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளரிடம் கண்டார். புண்பட்ட பாதத்துக்கு மாவுக்கட்டுப் போட்டு, ஊன்றும் பாரம் ஓரிடத்தில் விழாமற் காத்தார். 1960-களில் அமெரிக்கா சென்றபின், அவ்வறிவை நீரிழிவுக் காலுக்கும் பயன்படுத்தினார்.

உறிஞ்சும் முறை வேறு வழியாக வந்தது. ஜெர்மனியில் பிளைஷ்மான் என்ற அறுவை மருத்துவர், எலும்பு முறிந்து சதை கிழிந்த 15 நோயாளரின் புண்களை நுரைப்பஞ்சால் நிரப்பி, காற்றுப் புகாத மென்தகட்டால் மூடி, குழாய் வழியே உறிஞ்சச் செய்தார். 1993-இல் அதனை வெளியிட்டார். 1997-இல் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த அர்ஜென்டா, மொரிக்வாஸ் என்போர் 300 புண்களில் இதனைக் கையாண்டு, 296-இல் நற்பலன் கண்டதாக அறிவித்தனர். வெளிக்காற்றைவிட 125 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தத்தைக் குறைப்பதே அவர்கள் வகுத்த முறை. இதனால் கசியும் நீர் வெளியேறுகிறது, வீக்கம் தணிகிறது, புண்ணின் ஓரங்கள் நெருங்குகின்றன, செந்நிறப் புதுத்தசை வளர்கிறது.

ஆராய்ச்சிகள் கூறுவது யாது? பாதத்தின் ஒரு பகுதி வெட்டப்பட்ட 162 நீரிழிவு நோயாளரைப் பற்றிய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. 16 வாரங்களில் உறிஞ்சு கட்டுப் பெற்றவருள் நூற்றுக்கு 56 பேருக்கும், ஏனையோருள் 39 பேருக்கும் புண் ஆறிற்று. 2008-இல் வெளிவந்த, 342 பேரைக் கொண்ட ஆய்விலும் இதே போக்குக் காணப்பட்டது. ஆனால் ஜெர்மனியில் 368 பேரிடம் நடந்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், புண் முழுதும் மூடுவதில் குறிப்பிடத்தக்க வேற்றுமை தோன்றவில்லை.

ஆகவே இக்கருவி ஒரு துணையேயன்றி மாயமன்று. முதலில் இறந்த தசையை அகற்றவேண்டும், காலுக்கு இரத்தம் செல்கிறதா என்று பார்க்கவேண்டும், எலும்பிற் கிருமி பற்றியிருந்தால் அதற்கு மருந்து தரவேண்டும், பாரத்தை இறக்கவேண்டும். இவை இல்லாத இடத்தில் உறிஞ்சுவதால் பயன் சிறிதே.

ஊரையும் உறவையும் விட்டு வந்து, கால் கடுக்க நின்று உழைப்போர் நம்மிற் பலர். நீரிழிவு உள்ளவர்கள் நாள்தோறும் உறங்குமுன் உள்ளங்காலை விளக்கொளியிற் பாருங்கள். இயலாதவர் வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். நோவில்லையே என்று சிறு புண்ணையும் நாட்கடத்த வேண்டா. நோவு சொல்ல மறந்ததைக் கண் சொல்லட்டும்.