நீரிழிவும் மூளையின் காவலும்

நீரிழிவு என்றதும் நம் நினைவுக்கு வருவன கணையமும் இன்சுலினுமே. 1921 ஆம் ஆண்டு கனடாவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தமை எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆயினும், அதற்கு ஏழு தசாப்தங்களுக்கு முன்னரே, 1849 இல், பிரெஞ்சு அறிஞர் குளோட் பெர்னார் முயலொன்றின் மூளையடியில் ஊசியாற் குத்தியபோது அதன் சிறுநீரில் வெல்லம் வெளிப்படக் கண்டார். குருதியின் வெல்ல அளவில் மூளைக்கும் பங்குண்டு என்பது அன்றே உணர்த்தப்பட்டது.

உடல் நிறையில் சுமார் 2 வீதமேயான மூளை, ஓய்விலுள்ள உடலின் சக்திச் செலவில் சுமார் 20 வீதத்தைப் பெறுகிறது. அதன் பிரதான எரிபொருள் குளுக்கோசு. அதன் சொந்தச் சேமிப்போ மிகச் சொற்பம். எனவே குருதியில் வெல்லம் குறைந்தவுடன், மூளையின் அடியிலுள்ள ஐப்போதலமசு உள்ளிட்ட பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. அதிரீனலினும் குளூக்ககனும் சுரக்கின்றன. ஈரல் தன் சேமிப்பை விடுவிக்கிறது. வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, பசி ஆகியன இக்காவலின் அறிவிப்புகளே.

இலங்கையில் 2005-2006 காலப்பகுதியில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் தமது நோயை அறியாதிருந்தனர் என்பது கவலைக்குரியது. ஆகவே, முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஏறாவூர் போன்ற ஊர்களில், ரமழான் மாதத்தில் இவ்விடயம் தனிக் கவனத்துக்குரியதாகிறது.

ஸஹர் முதல் நோன்பு திறக்கும் வரை சுமார் 13 மணித்தியாலம் உணவில்லை. ஆரோக்கியமானவரின் இன்சுலின் அந்நேரத்தில் தானாகவே குறைகிறது. ஆனால் ஊசியாக ஏற்றிய இன்சுலினையோ, இன்சுலினைத் தூண்டும் சில மாத்திரைகளையோ மூளையாற் குறைக்க இயலாது. அடிக்கடி வெல்லம் தாழ்வோருக்கு மூளையின் எச்சரிக்கையும் மங்கிவிடும். நடுக்கமோ வியர்வையோ தோன்றுமுன்னரே குழப்பமும் மயக்கமும் நேரலாம்.

எனவே 'சீனி வருத்தம்' உள்ளோர் நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே வைத்தியரைக் கண்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாகவே மருந்தை நிறுத்துவதும் ஆபத்தே. விரல்நுனியில் குருதி எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் பரவலான கருத்து. டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமிலும் குறைந்தால் உடனே நோன்பை விட்டு இனிப்பு அருந்த வேண்டும். மயங்கிய ஒருவரின் வாயில் எதையும் ஊற்றாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அதனைப் பலவீனமெனக் கருதித் தம்மை வருத்துவோர் நம்மிடையே உளர். பள்ளிவாசல்களும் வைத்தியசாலைகளும் இணைந்து இவ்விளக்கத்தை ரமழானுக்கு முன்னரே வீடுதோறும் சேர்ப்பித்தால், தவிர்க்கக்கூடிய மரணங்களைத் தவிர்க்கலாம் என்பதே நமது வேண்டுகோள்.