கரை காத்த ஊரார்

ஒல்லாந்து நாட்டின் பூகோளத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் எவரேனும் ஒருவர் எழுந்து ஒரே கேள்வியைக் கேட்பதுண்டு. “ஐயா, கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலத்தில் அவர்கள் ஏன் குடியிருக்கிறார்கள்? மேட்டு நிலத்துக்குப் போய்விடக் கூடாதா?” கேள்வி நியாயமானதே. “கரை கட்டும் வித்தையும் காற்றாடி இயந்திரமும் அவர்களைக் காக்கின்றன” என்று நானும் ஆண்டுதோறும் விடை சொல்லி வந்தேன். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், அவகாசத்தோடு அந்நாட்டு வரலாற்றைப் படித்தபோதுதான் நான் சொல்லி வந்தது பாதி விடையே என்பது விளங்கிற்று. மற்றப் பாதியை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒல்லாந்தர் நமக்குப் புதியவர் அல்லர். பழவேற்காட்டிலும், 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்திலும் கோட்டையில் இருந்துகொண்டு வாணிகம் நடத்தியவர்கள் அவர்களே. கடல் கடந்து வந்த அம்மக்கள் தம் சொந்த நாட்டில் கடலோடு நடத்திய போராட்டமே இன்றைய பேச்சின் பொருள்.

அந்த நாடு முழுவதும் தொடக்கத்திலேயே பள்ளமாக இருந்தது என்று எண்ண வேண்டா. நாட்டின் மேற்குப் பகுதியில் பெரும்பாலும் இருந்தது, செடி கொடிகள் மக்கிப் பல நூற்றாண்டுகளாகப் படிந்த சதுப்பு மண். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குடியானவர்கள் அங்கே வாய்க்கால் வெட்டி, நீரை வடித்து, பயிர் செய்யத் தொடங்கினார்கள். நீர் வடிந்த சதுப்பு மண், பிழிந்த பஞ்சைப் போல் சுருங்கும். காற்றுப் பட்டு மக்கிக் கரையவும் செய்யும். ஆதலின் நிலம் ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்தது. நிலம் தாழத் தாழ ஆற்று நீரும் கடல் நீரும் உள்ளே புகுந்தன. அதைத் தடுக்கக் கரை எழுப்பினார்கள். கரைக்குள் தேங்கிய மழை நீரை வெளியேற்ற, 15ஆம் நூற்றாண்டு முதல் காற்றாடி இயந்திரங்களை நிறுவினார்கள். நீரை இறைக்க இறைக்க நிலம் மேலும் தாழ்ந்தது. இன்று அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மனிதன் தன் உழைப்பால் விளைத்துக்கொண்ட ஆபத்து அது. ஆகவே அதிலிருந்து தப்பும் வழியையும் அவனே தேட வேண்டியதாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கரை என்பது தனி ஒருவன் காக்கக்கூடிய பொருள் அன்று. நூறு பேர் தத்தம் பங்கைச் செப்பமாக வைத்திருந்து, ஒரே ஒருவன் தன் பங்கை அசட்டையாக விட்டால், வெள்ளம் அந்த ஒருவனுடைய வயலோடு நின்றுவிடுவதில்லை. நூற்றொருவருடைய வயலையும் அது மூழ்கடிக்கும். ஊரார் ஒன்றுகூடி நீர் நிர்வாகச் சபைகளை அமைத்ததற்குக் காரணம் இதுவே. ரைன்லாந்து என்னும் வட்டாரத்தின் சபைக்கு 1255இல் ஒல்லாந்தின் பிரபு இரண்டாம் வில்லியம் சாசனம் அளித்தான். அரசர்கள் மாறினர், சமயப் போர்கள் வந்து போயின, குடியரசு தோன்றி மறைந்து முடியரசு வந்தது. அந்தச் சபையோ இன்றும் நடைபெற்று வருகிறது.

இச்சபைகளின் நடைமுறை கண்டிப்பானது. ஒவ்வொரு நிலக்காரனுக்கும் அவனவன் நிலத்தின் அளவுக்கேற்பக் கரையில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. கரைத் தலைவரும் சபையினரும் குறித்த காலத்தில் கரை நெடுக நடந்து சோதித்தனர். பழுது கண்ட இடத்தைச் செப்பனிடத் தவறியவனுடைய வேலையைச் சபையே செய்து முடித்து, செலவைப் போல் இரு மடங்கை அவனிடம் தண்டியது. தன் பங்கைக் காக்க இயலாதவன் என்ன செய்வது? அவன் தன் மண்வெட்டியைக் கரையில் ஊன்றிவிட்டு, நிலத்தைத் துறந்து வெளியேற வேண்டும். அந்த மண்வெட்டியை எவன் பிடுங்குகிறானோ, அவனுக்கு நிலமும் உரியது. கரைக் கடமையும் உரியது. உரிமையும் கடமையும் ஒரே பிடியில் இருந்தன. கொடிய சட்டம்தான். ஆனால் வெள்ளத்தின் கொடுமையை அறிந்தவர்கள் வகுத்த சட்டம் அது.

ஊர் ஒற்றுமை குலைந்தபோது நேர்ந்தது என்ன என்பதற்கும் அந்நாட்டு வரலாற்றில் சான்று உண்டு. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பிரபுக்களிடையே உட்பகை மூண்டிருந்தது. கரைகளைப் பேணுவார் குறைந்தனர். போதாக்குறைக்கு, உப்புக் காய்ச்சுவதற்காகக் கரையோரத்துச் சதுப்பு மண்ணையே வெட்டி எடுத்தார்கள். 1421 நவம்பரில் அடித்த புயலில் கரைகள் உடைந்து, வளமான பெரிய நிலப்பரப்பு ஒன்று நீரில் மூழ்கியது. அதன் ஒரு பகுதி மீட்கப்படவே இல்லை. இன்று அப்பகுதி ஓடைகளும் நாணற்காடுமாகக் காட்சி தருகிறது.

இனி நம் காலத்துக்கு அருகே வருவோம். 1953 ஜனவரி 31, சனிக்கிழமை. வடகடலில் வடமேற்கிலிருந்து பெரும் புயல் வீசியது. வடகடல் தெற்கே செல்லச் செல்லக் குறுகும் புனல் போன்றது. புயல் தள்ளிய நீர் அந்தக் குறுகலில் குவிந்தது. அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வரும் பேரலை ஏற்றமும் அதே இரவில் சேர்ந்துகொண்டது. விளிஸ்ஸிங்கன் துறைமுகத்தில் நீர், வழக்கமான மட்டத்துக்கு மேல் 4.55 மீட்டர் உயர்ந்தது. பிப்ரவரி 1ஆம் நாள் விடியுமுன் தென்மேற்கில் உள்ள சீலாந்துத் தீவுகளில் கரைகள் அடுத்தடுத்து உடைந்தன. அலை பெரும்பாலும் கரையின் முகப்பை இடித்துத் தகர்க்கவில்லை. உச்சியைத் தாண்டி வழிந்து, ஊர்ப்பக்கத்துச் சரிவை அரித்து, கரையை முதுகுப்புறமாகச் சாய்த்தது. கடல் பார்த்த பக்கத்தை வலுவாக்கியவர்கள் ஊர் பார்த்த பக்கத்தைக் கவனிக்கத் தவறியிருந்தார்கள்.

வானொலி நிலையத்தில் அமர்ந்து பேசும் நான் ஒரு செய்தியை மறைக்க இயலாது. அந்நாட்டு வானிலை அலுவலகம் அபாயத்தை அறிந்திருந்தது, எச்சரிக்கையும் விடுத்தது. ஆனால் அக்காலத்தில் நள்ளிரவுக்குப் பின் அங்கே வானொலி ஒலிபரப்பு இல்லை. ஆயிரக்கணக்கான வீடுகளில் வானொலிப் பெட்டி இருந்தும், உறங்கிக் கிடந்தவர்களை எழுப்ப ஒரு குரல் இல்லை. தந்தியும் தொலைபேசியும் அறுந்தபின், பொழுதுபோக்காக வானொலிக் கருவி வைத்திருந்த தனி மனிதர்களே தீவுகளின் அபயக் குரலை வெளியுலகுக்கு அனுப்பினார்கள்.

அரசாங்க உதவி வந்து சேர நாட்கள் ஆயின. முதல் இரண்டு நாட்கள் ஊராரே ஊராரைக் காத்தனர். மீனவர்கள் தம் படகுகளை வயல்களின் மேலும் தெருக்களின் ஊடும் செலுத்திக் கூரைமேல் இருந்தவர்களை இறக்கினார்கள். கோலைன்ஸ்பிளாட் என்னும் சிற்றூரில், நீர் புகாதபடி வாயிலில் செருகியிருந்த பலகைகள் அலையின் வேகத்தில் வளைந்தபோது, ஊர் ஆடவர் அவற்றுக்கு முதுகு கொடுத்து நின்றனர். கட்டவிழ்ந்த படகொன்று குறுக்கே வந்து தங்கி அலையைத் தணிக்கும் வரை அவர்கள் அசையவில்லை. அவ்வூர் தப்பியது. வடக்கே, நியூவெர்கெர்க் அருகே ஐசல் ஆற்றங்கரை உடையத் தொடங்கியது. உடைந்திருந்தால் லட்சக்கணக்கான மக்கள் வாழும் பள்ள நிலம் மூழ்கியிருக்கும். ஆரி எவெக்ரூன் என்னும் சரக்குப் படகோட்டி, தன் பிழைப்புக்கு ஆதாரமான படகையே உடைப்பின் குறுக்கே செலுத்தி அடைத்தார்.

எனினும் இழப்பு பெரிது. ஒல்லாந்தில் மட்டும் 1,836 பேர் மாண்டனர். இங்கிலாந்தில் நிலத்தில் 307 பேர். ஞாயிறு பிற்பகல் மீண்டும் நீர் ஏறியபோது, காலையில் தப்பிக் கூரைகளில் ஒதுங்கியிருந்த பலர் வீடு இடிந்து மடிந்தனர்.

மாணவர்களே, இங்கே நாம் நேர்மையாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். எழுநூறு ஆண்டுகளாக ஊரார் கட்டிக் காத்த ஏற்பாடு அந்த ஓர் இரவில் ஏன் தோற்றது? அப்போது அந்நாட்டில் இத்தகைய சபைகள் 2,500க்கும் மேல் இருந்தன. பல மிகச் சிறியவை. உயர்ந்த கரை கட்டப் பொருள் வசதி இல்லாதவை. தன் எல்லைக்கு அப்பால் அடுத்த சபையின் கரை எப்படி இருக்கிறது என்று பார்க்கும் பொறுப்பு எவருக்கும் தெளிவாக இல்லை. யோஹான் வான் வேன் என்னும் அரசாங்கப் பொறியாளர், கரைகள் போதிய உயரம் அற்றவை என்று 1930களிலிருந்தே எச்சரித்து வந்தார். உலகப் போர் வந்தது. போருக்குப் பின் வேறு அவசரங்கள் வந்தன. எச்சரிக்கை கோப்புகளில் உறங்கியது. ஆக, பிழை ஊராருடையது மட்டுமன்று, அரசாங்கத்துடையதும் ஆகும். ஊர் தன் எல்லையை மட்டும் பார்த்தது. அரசாங்கம் நாடு முழுவதையும் பார்த்தும் காலத்தில் செயற்படவில்லை.

புனரமைப்பு உடனே தொடங்கியது. வெள்ளம் வந்த அதே மாதத்தில் டெல்டாக் குழு அமைக்கப்பட்டது. அவ்வெர்கெர்க் என்னும் இடத்துக் கடைசி உடைப்பு, 1953 நவம்பரில் பெரும் கான்கிரீட் பெட்டிகளை இறக்கி அடைக்கப்பட்டது. பிற நாடுகள் மரவீடுகளைப் பகுதி பகுதியாகச் செய்து நன்கொடையாக அனுப்பின. 1958இல் டெல்டாச் சட்டம் நிறைவேறியது. கடைசியாக வந்த வெள்ளத்தின் உயரத்தை அளவாகக் கொள்ளாமல், இனி எத்துணை அரிதான வெள்ளம் வரக்கூடும் என்று கணக்கிட்டுக் கரை கட்டும் முறை வகுக்கப்பட்டது. மக்கள் நெருங்கி வாழும் நடு ஒல்லாந்தில் கரையோரக் காவலுக்கு, பதினாயிரம் ஆண்டுகளில் ஒருமுறை நேரக்கூடிய நீர்மட்டமே அளவாயிற்று. சிறு சபைகள் படிப்படியாக இணைக்கப்பட்டன. இன்று இருப்பவை 21. ஆயினும் அவை ஒழிக்கப்படவில்லை. இன்றும் அவற்றுக்குத் தேர்தல் உண்டு. தாமே வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு.

திட்டம் வகுத்தவர்கள் பொறியாளர்கள் என்றாலும், ஊரார் வாய்மூடி இருக்கவில்லை. கிழக்கு ஷெல்ட் என்னும் கடற்கழியை முழு அணையால் அடைத்துவிட முதலில் முடிவாகியிருந்தது. அடைத்தால் உவர்நீர் நன்னீராகும். சிப்பியும் மட்டியும் வளர்த்துப் பிழைத்த ஊர்களின் தொழில் அழியும். மீனவரும் இயற்கை ஆர்வலரும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வாதாடினர். பாதுகாப்புக்குக் குறைவு வரக்கூடாது என்று அஞ்சிய ஊராரும் இருந்தனர். முடிவில் 1976இல் நடுவழி ஏற்கப்பட்டது. 62 இரும்புக் கதவுகள் கொண்ட தடுப்பணை 1986இல் திறக்கப்பட்டது. சாதாரண நாட்களில் கதவுகள் உயர்ந்து நிற்க, கடல் தாராளமாக உள்ளே வந்து போகிறது. புயல் வரும்போது மட்டுமே அவை இறங்குகின்றன. செலவு மிகுந்தது. ஆயினும் உயிரும் காக்கப்பட்டது, பிழைப்பும் காக்கப்பட்டது.

இறுதியாக, எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி ஒன்று. 1995இல் கடல் அல்ல, ஆறுகள் பெருகின. ஏறத்தாழ 2,50,000 மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. கரையை மேலும் மேலும் உயர்த்துவதற்கு ஓர் எல்லை உண்டு. ஆறு பரந்து செல்ல இடம் விட வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அவ்வாறு இடம் விடக் குறிக்கப்பட்டவற்றுள் ஒன்று ஓவர்டீப் என்னும் சுமார் 550 ஹெக்டேர் விளைநிலம். அங்கே பதினைந்துக்கும் மேற்பட்ட பால்பண்ணைக் குடும்பங்கள் இருந்தன. வெளியேற்ற ஆணை வரும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை, வழக்குக்கும் போகவில்லை. தாமே கூடிப் பேசி, தாமே ஒரு திட்டம் வரைந்து கொடுத்தார்கள். ஆற்றோரக் கரையைத் தாழ்த்தி, பெருவெள்ளத்தை வயலுக்குள் விடுவது. உட்கரையை ஒட்டி உயர்ந்த மண்மேடுகள் எழுப்பி, வீட்டையும் தொழுவத்தையும் அவற்றின் மேல் அமைப்பது. அத்திட்டமே ஏற்கப்பட்டு, 2015இல் நிறைவேறியது. கணக்குப்படி 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த வயல்களில் வெள்ளம் பாயலாம், வீடுகள் தப்பும், ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களில் நீர்மட்டம் குறையும்.

இதில் தியாகமும் உண்டு என்பதை மறவாதீர்கள். மேடுகள் எட்டே. பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஈடு பெற்றுக்கொண்டு, வாழ்ந்த மண்ணைவிட்டுப் போக வேண்டியிருந்தது. பழைய நாளில் கரையில் ஊன்றிய மண்வெட்டியை அது எனக்கு நினைவூட்டுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு: அன்று இயலாதவன் தனியாக வெளியேறினான், இன்று எல்லோரும் ஓரிடத்தில் அமர்ந்து, யார் இருப்பது, யார் போவது என்று பேசி முடிவு செய்தார்கள்.

மண்மேட்டில் வீடு கட்டுவது புதிய யோசனையும் அன்று. கரை கட்டும் கலை தோன்றுமுன், வடகடற்கரை மக்கள் மண்மேடுகளில் குடியிருந்ததை முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். நீர் ஏறும்போது அவர்கள் கப்பலில் இருப்பவரைப் போலத் தோன்றினராம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின், மூதாதையர் கண்ட வழியைப் பேரர்கள் புதிய கணக்கோடு மீண்டும் கைக்கொண்டார்கள்.

“மேட்டுக்குப் போய்விடக் கூடாதா?” என்று கேட்ட மாணவனுக்கு இப்போது முழு விடை சொல்ல முடியும் என்று எண்ணுகிறேன். அவர்கள் மேட்டுக்குப் போகவில்லை. மேட்டைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அதைச் செய்தது மண்ணும் இயந்திரமும் மட்டும் அல்ல. என் பங்குக் கரை பழுதானால் உன் வீடும் மூழ்கும் என்ற அறிவு, தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் நிலைத்து நின்றது. அது மங்கிய காலங்களில் அவர்கள் அழுதார்கள். விளங்கிய காலங்களில் பிழைத்தார்கள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன், உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ ஆற்றங்கரையிலோ ஒருமுறை நடந்து பாருங்கள். நீர் பார்த்த பக்கத்தோடு நின்றுவிடாமல், ஊர் பார்த்த சரிவையும் பாருங்கள். பழுது எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்து, பெரியவர்களிடம் சொல்லுங்கள். வரலாற்றுப் பாடம் அங்கேதான் பயன்பட வேண்டும்.